மூச்சுக் குழலுக்குக் காவல்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இரவு வேளையில் பிரயாணம் செய்தவர்களுக்கு லாரிகளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் ராஜபாட்டையின் ஒரு துண்டு அது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் புறப்பட்டு, இந்த தேசத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுகின்றன. முட்டை ஏற்றிய வண்டிகளும், ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய வண்டிகளும், சமையல் எரிவாயு ஏற்றிய டாங்கர்களும் விடிய விடிய ஓடுகின்றன. இந்தச் சமவெளியில் வண்டியோடு சம்பந்தப்படாத குடும்பமே கிடையாது என்று சொன்னால் அது மிகைதான்; ஆனால் ரொம்பப் பெரிய மிகை அல்ல.

வண்டி ஓடுகிற இடத்தில் விபத்தும் உண்டு. தலையில் அடிபட்டு நினைவிழந்தவனைச் சேலம் அரசினர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாமக்கல்லிலேயே ஓர் அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய் வழியாகக் குழாய் செலுத்தி, யந்திரத்தின் உதவியால் மூச்சு விடச் செய்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் நினைவு திரும்பாவிட்டால், டாக்டர்கள் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, "கழுத்தில் ஒரு துவாரம் போட வேண்டும்" என்கிறார்கள். அதன் பெயர் டிராக்கியாஸ்டமி. குரல்வளைக்குக் கீழே மூச்சுக் குழலைத் திறந்து, அதில் வளைந்த சிறு குழல் ஒன்றைப் பொருத்தி, நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அதற்கு அப்புறம் மூக்குக்கும் வாய்க்கும் வேலை இல்லை. பிராணவாயு அந்தப் புதிய வாசல் வழியாகவே போய் வரும்.

லாரி விபத்து ஒரு காரணந்தான். பூச்சி மருந்து குடித்தவர்கள், கட்டுவிரியன் தீண்டியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், புகையிலையால் தொண்டையில் புற்றுநோய் கண்டவர்கள் ஆகிய பல பேருக்கு இந்த வாசல் தேவைப்படுகிறது. வாசலைத் திறப்பது டாக்டருக்கு அரை மணி நேரத்து வேலை. திறந்த வாசலைக் காவல் காப்பதோ இரவு பகல் ஓயாத வேலை. சரித்திரத்தில் வாசலைத் திறந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. காவல் இருந்தவர்களின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம்.

பழங்காலத்துக் கிரேக்க, ரோமானிய வைத்தியர்கள் இந்தச் சிகிச்சையை அறிந்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் அஞ்சினார்கள். குருத்தெலும்பை வெட்டினால் அது மறுபடி சேராது என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1546-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வைத்தியர் அந்தோனியோ மூசா பிரசவோலா, தொண்டையில் கட்டி வந்து மூச்சுத் திணறிய ஒருவருக்கு இதைச் செய்து பிழைக்க வைத்தார். தெளிவாக எழுதி வைக்கப்பட்ட முதல் வெற்றி அது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டுக் காலம் அச்சம் போகவில்லை.

1799-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சு முட்டிக் கிடந்தார். சுற்றிலும் மூன்று டாக்டர்கள். அவர்களில் வயதில் இளையவரான எலிஷா டிக் என்பவர், மூச்சுக் குழலைத் திறந்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றிரவே அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி காலமானார். எட்டு வருஷத்துக்குப் பிறகு, 1807-இல், நெப்போலியனுடைய தம்பியின் நான்கு வயதுப் பிள்ளை தொண்டை நோயால் மூச்சடைத்து இறந்தான். சக்கரவர்த்தி துக்கத்தில் இந்த நோயைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்கு 12,000 பிராங்கு பரிசு அறிவித்தார். பரிசைப் பெற ஆட்கள் வந்தார்கள். நோய் மட்டும் போகவில்லை.

அந்த நோய்களில் மிகவும் கொடியது டிப்தீரியா. நம் ஊரில் அதைத் தொண்டை அடைப்பான் என்பார்கள். குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படரும். படர்ந்து படர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். 1825-இல் பிரான்ஸ் தேசத்தில் தூர் நகரத்து வைத்தியர் பிரத்தன்னோ, தம் நண்பருடைய நான்கு வயதுப் பெண்ணின் மூச்சுக் குழலைத் திறந்து அவளைக் காப்பாற்றினார். முன்பு சில குழந்தைகளுக்குச் செய்து தோற்றவர் அவர். அவருடைய சீடர் த்ரூசோ பாரிஸில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்தார். ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை பிழைத்தது. 'நாலில் ஒன்றுதானா?' என்று இன்று நமக்குத் தோன்றும். எல்லாக் குழந்தைகளுமே இறந்துகொண்டிருந்த வீடுகளில் நாலில் ஒன்று என்பது சாமானியமா?

த்ரூசோவின் பெருமை கத்தியோடு முடியவில்லை. குழல் வைத்தபின் கழுத்தைச் சுற்றி மெல்லிய துணியையோ பின்னல் துண்டையோ கட்ட வேண்டும் என்று அவர் போதித்தார். குழந்தை விடும் மூச்சின் ஈரமும் வெதுவெதுப்பும் அந்தத் துணியில் தங்கும். உள்ளே போகும் காற்று அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டு போகும். மூக்கு செய்யும் மூன்று வேலைகள் இருக்கின்றன: காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசி நீக்குவது. குழல் வைத்ததும் இந்த மூன்றும் நின்றுவிடுகின்றன. வறண்ட காற்று பட்டுச் சளி பிசின் போல் இறுகுகிறது. இறுகிய சளி குழலை அடைக்கிறது. குழலுக்குள் இன்னொரு குழலை வைத்து, உள்குழலை மட்டும் எடுத்துக் கழுவலாமே என்ற யோசனை அதற்கு நூறு வருஷம் முந்தியது. 1730-இல் ஸ்காத்லாந்தில் ஜார்ஜ் மார்ட்டின் என்ற வைத்தியர் எழுதியிருக்கிறார். அந்த யோசனையைத் தமக்குச் சொன்னவர் டாக்டர் அல்ல, ஊரிலுள்ள ஒரு பாதிரியார் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்றைக்கும் உள்குழலைக் கழுவும் நர்ஸ், யாரோ ஒரு பாதிரியார் காட்டிய வழியில்தான் போகிறாள்.

ஆனால் அடைத்த சளியையும் சவ்வையும் குழலிலிருந்து எப்படி வெளியே எடுப்பது? கோழி இறகால் துழாவிப் பார்த்தார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரே ஒரு வழிதான் பாக்கியிருந்தது. குழலில் வாய் வைத்து உறிஞ்சுவது!

லண்டன் ராயல் பிரீ ஆஸ்பத்திரியில் சாமுவேல் ராபெத் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1884-ஆம் ஆண்டு அக்டோபரில் டிப்தீரியா கண்ட ஒரு குழந்தைக்குக் குழல் வைத்தார்கள். குழல் அடைத்துக்கொண்டது. குழந்தை நீலம் பாரித்தது. ராபெத் யோசிக்கவில்லை. குழலில் வாய் வைத்து உறிஞ்சினார். சில நாட்களில் அதே நோய் அவருக்கு வந்தது. அந்த மாதமே இறந்து போனார். 1893-இல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் லூகாஸ் என்ற டாக்டருக்கும் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இதே கதி நேர்ந்தது. லண்டனில் போஸ்ட்மேன் பார்க் என்ற சிறு தோட்டம் உண்டு. பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை விட்ட சாதாரண மனிதர்களுக்கு வாட்ஸ் என்ற ஓவியர் அங்கே ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார். அதில் பதித்த ஓடுகளில் இந்த இரண்டு பெயர்களையும் காணலாம்.

மூன்றாவது ஒருவரும் உண்டு. கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அவரை அறிவார்கள். மிகயீல் புல்ககோவ் நாவலாசிரியராகுமுன் டாக்டராக இருந்தார். 1916-ஆம் ஆண்டிலும் 1917-ஆம் ஆண்டிலும் ருஷியாவின் ஸ்மொலென்ஸ்க் பிரதேசத்தில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஒரு குழந்தைக்கு மூச்சுக் குழல் வைத்தபோது சவ்வு அடைத்துக்கொண்டதாகவும், அவர் வாயால் உறிஞ்சியதாகவும், பிறகு நோய்க்கு அஞ்சித் தடுப்புச் சீரம் போட்டுக்கொண்டதாகவும், சீரத்தின் விளைவாக உண்டான வேதனைக்கு மார்பியா போட்டுப் பழக்கத்துக்கு அடிமையானதாகவும் அவருடைய முதல் மனைவி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த பிறகே அவர் பெரிய எழுத்தாளர் ஆனார். குழந்தைக்குக் குழல் வைத்த அநுபவத்தை 1925-இல் ஒரு சிறுகதையாக எழுதினார். குழலை உறிஞ்சியதைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது!

மேற்சொன்ன சீரம் 1890-ஆம் ஆண்டை ஒட்டி எமில் பேரிங் முதலியோரின் ஆராய்ச்சியில் பிறந்தது. பேரிங்குக்கு 1901-இல், வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு தடுப்பூசி வந்தது. டிப்தீரியா இந்தியாவை விட்டு இன்னும் முழுவதும் ஒழியவில்லை. என்றாலும், குழந்தைகளின் கழுத்தைத் திறக்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்ஸன் என்ற நிபுணர், துவாரத்தை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பதை 1909 முதல் ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

1952-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரத்தில் நடந்தது இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம். அந்தக் கோடையில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குவிந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்களில் முதல் 31 பேருக்கு 27 பேர் இறந்துவிட்டார்கள். உதவிக்கு அழைக்கப்பட்ட மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்ஸன், ஆகஸ்டு 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் குழல் வைக்கச் செய்து, சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்குக் காற்றை ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். அதற்கப்புறம் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஒருத்திக்குச் செய்ததை எல்லோருக்கும் செய்ய வேண்டுமே, கைகளுக்கு எங்கே போவது? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், இரவு பகல் பாராமல் பையை அமுக்கினார்கள். நர்ஸுகள் பக்கத்தில் நின்று சளியை உறிஞ்சினார்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரே சமயத்தில் எழுபது பேர் வரை இப்படிப் பிறர் கையால் மூச்சு விட்டார்கள். மரணத்தின் விகிதம் மளமளவென்று சரிந்தது. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதே, அது பிறந்தது அங்கேதான்.

நம் பக்கத்தில் அதற்கு முந்தியே அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் நர்ஸுகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 1946-இல் அது பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாயிற்று. அதே வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேகப் சாண்டி மூளை ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். தலையில் அடிபட்டவன் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். பிழைத்தவன் பல நாள் நினைவில்லாமல் கிடந்தால் அவனுடைய கழுத்துக் குழலைக் காக்கும் வித்தையும் கூடவே வளர்ந்தது.

அந்த வித்தைதான் என்ன? உறிஞ்சும் வேலையை இப்போது மின்சார யந்திரம் செய்கிறது. அதன் நுனியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, கழுத்துக் குழல் வழியாக உள்ளே விட்டுச் சளியை இழுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதில் நுட்பங்கள் பல. முதலில் கையைக் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மெல்லிய குழாய், கழுத்துக் குழலின் உள்வாயில் பாதிக்கு மேல் பருமனாக இருக்கக் கூடாது. இருந்தால் பக்கத்தில் காற்றுப் போக இடம் இராது. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும். ஆழமாகக் குத்தினால் ரத்தம் வரும். யந்திரத்தின் இழுப்பு பெரியவர்களுக்குப் பாதரச மானியில் 80 முதல் 120 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதுமானது. கடிகாரத்தைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை என்று உறிஞ்சுவதும் தவறு. நோயாளியின் நெஞ்சில் களகளவென்று சப்தம் கேட்கிறதா, மூச்சு சிரமப்படுகிறதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். காதும் கண்ணும்தான் இதில் முதல் கருவிகள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நேரக் கணக்கு. உறிஞ்சும்போது சளி மட்டுமா வருகிறது? நோயாளியின் நெஞ்சிலுள்ள காற்றும் சேர்ந்து வருகிறது. ஆகையால் ஒரு தடவைக்குப் பத்து விநாடி, மிஞ்சிப் போனால் பதினைந்து விநாடிக்குள் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். கடிகாரம் பார்க்கக் கை ஓய்வில்லாதவர்களுக்கு அநுபவமுள்ள நர்ஸுகள் ஓர் உபாயம் சொல்லிக் கொடுப்பார்கள். குழாயை உள்ளே விடும்போது நீயும் மூச்சை அடக்கிக்கொள். உனக்கு எப்போது மூச்சு வேண்டும் என்று தோன்றுகிறதோ, அப்போது அவனுக்கும் வேண்டும். இதைவிடச் சுருக்கமாக இந்த வித்தையைச் சொல்லிவிட முடியாது.

நாட்கள் செல்கின்றன. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியது எல்லாம் செய்தாகிவிட்டது. நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குழலை இப்போது எடுக்க முடியாது. அப்படியானால் காவல் யார்? மனைவி, அல்லது தாய். சில நாட்கள் நர்ஸின் பக்கத்தில் நின்று அவள் பழகிக்கொள்கிறாள். "சிஸ்டருங்க, எனக்குக் கை நடுங்குதுங்க" என்கிறாள். "நடுங்கட்டும் அம்மிணி, நாளைக்கு நடுங்காது. நீங்க குழாயைப் பார்க்காதீங்க, அவர் முகத்தைப் பாருங்க" என்கிறாள் நர்ஸ். இப்படி எத்தனையோ வார்டுகளில் இந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சமவெளியின் கஷ்டங்கள் தெரிகின்றன. சித்திரை, வைகாசியில் இங்கே காற்று அனலாக வீசும். சளி சீக்கிரம் உலர்ந்து கட்டியாகும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடானால் பஞ்சுத் தூசி. சாலை ஓரத்து வீடானால் புழுதி. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைக் குழலின் வாய்க்கு முன்னால் தொங்கவிடுகிறார்கள். த்ரூசோ பாரிஸில் சொன்ன அதே துணி! மின்சாரம் நின்றுவிட்டால் உறிஞ்சும் யந்திரமும் நின்றுவிடும். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததே, அந்த நாளில் இந்த வீடுகள் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சி ஒன்றும், அதே அளவில் ஒரு குழலும், ஓர் அளவு சிறியதாக இன்னொரு குழலும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். குழல் நழுவி விழுந்தாலோ அடைத்துக்கொண்டாலோ அவகாசம் சில நிமிஷங்கள்தான். 2008 முதல் 108 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. வரும்வரையில் அவள்தான் டாக்டர்.

இன்னொரு துயரம் உண்டு. காற்று குரல்வளைக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் நோயாளிக்குக் குரல் இல்லை. 1888-இல் ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் பிரடெரிக் தொண்டைப் புற்றுநோயால் கழுத்தில் குழலோடுதான் சிம்மாசனம் ஏறினார். 99 நாட்கள் ஆண்டார். அத்தனை நாளும் உத்தரவுகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். சக்கரவர்த்திக்கு எதிரே காகிதத்துடன் மந்திரிகள் காத்திருந்தார்கள். லாரி டிரைவர் கண்ணைத் திறந்து உதட்டை அசைக்கும்போது, என்ன சொல்கிறான் என்று படித்துத் தெரிந்துகொள்ள மனைவிதான் இருக்கிறாள். ஆகவே அவன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியும் சிலேட்டும் வைக்க வேண்டும். பேச்சு திரும்ப வழி காட்டும் சிறு வால்வு ஒன்றும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் தசை நோயால் மூச்சு யந்திரத்தோடு வாழ்ந்த டேவிட் மியூர் என்ற இளைஞர். தமக்குப் பேச வேண்டும் என்பதற்காக 1980-களில் அதைச் செய்தார். அதன்பின் எத்தனையோ பேர் பேசுகிறார்கள்.

பலருக்கு இந்தக் குழல் நிரந்தரமல்ல. நினைவு தெளிந்து, இருமும் வலுவும் விழுங்கும் வலுவும் வந்தபின் டாக்டர்கள் குழலை எடுத்துவிடுகிறார்கள். துவாரம் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. கழுத்தில் ஒரு சிறு தழும்பு மிச்சம். நாமக்கல் பஸ் நிலையத்தில் அப்படித் தழும்புள்ள ஒருவர் நம் பக்கத்தில் நின்று டீ குடிக்கக் கூடும். அந்தத் தழும்புக்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருந்தன என்பது அவருக்கே முழுவதும் தெரியாது; தெரிந்தவள் வீட்டில் இருப்பாள். சிலருக்கு அந்த நல்ல நாள் வருவதே இல்லை. அவர்களுடைய வீடுகளில் காவல் வருஷக்கணக்கில் நீள்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வந்து நோயாளியைப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்கள் பகலில் வந்து போகிறவர்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் களகளவென்று சப்தம் கேட்டால் எழுந்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

கோபன்ஹேகனில் எழுபது நோயாளிகளுக்கு 1,500 மாணவர்கள் இருந்தார்கள். ஒருவன் களைத்தால் அடுத்தவன் பையை வாங்கிக்கொண்டான். களைத்தவன் போய்த் தூங்கினான். அந்த மகத்தான வெற்றியின் ரகசியம் முறை மாற்றிக்கொண்டதில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். நம் ஊர் வீட்டில் ஒரு நோயாளிக்கு ஒருத்தி. முறை மாற்ற ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் புட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்; கட்டில் அருகே உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்கள்; சாயங்கால பஸ்ஸுக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. குழலைக் கண்டால் பயம். ஆனால் பள்ளிக்கூடம் போகாத ஒரு தாயால் சில நாட்களில் கற்றுக்கொள்ள முடிந்த வித்தையை மைத்துனனும் கொழுந்தனும் கற்றுக்கொள்ள முடியாதா? ராபெத்தைப் போல் வாய் வைத்து உறிஞ்ச வேண்டியதில்லை, யந்திரம் இருக்கிறது. கையைக் கழுவ வேண்டும், மூச்சை அடக்கிப் பத்து விநாடி எண்ண வேண்டும், அவ்வளவுதான். அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஓர் இரவையும் எடுத்துக்கொண்டு போகட்டும். "இன்று ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படுத்துத் தூங்கு" என்று சொல்லட்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய மருந்தை யாரும் கொடுத்துவிட முடியாது.